சொந்த வேரில் நின்ற கொடி

இங்கிலாந்தின் சர்ரே ஜில்லாவிலுள்ள வோக்கிங் என்னும் ஊரில், ஜாக்மன் குடும்பத்தார் தங்கள் நாற்றுப் பண்ணையில் 1858ஆம் ஆண்டு செய்த இனக்கலப்பினால் பிறந்து, கரு ஊதா நிறப் புஷ்பங்களால் பிரசித்தியடைந்த 'ஜாக்மனை' என்ற கிளெமாட்டிஸ் கொடியை விரும்புவோர் தொகை பெருகவே, அக்காலத்துத் தோட்டக்காரர்கள் காட்டு இனத்தின் வேர்த்துண்டுகளில் உயர்ந்த ஜாதிகளை ஒட்டுக் கட்டி விருத்தி செய்யலாயினர்.

ஆனால், செழித்து நின்ற கொடி திடீரென வாடி மடியும் வியாதி பரவியபோது, சஸெக்ஸிலுள்ள கிரேவ்டை மாளிகையில் வாழ்ந்த தோட்டக்கலை ஆசிரியர் வில்லியம் ராபின்சன், அந்த நாசத்துக்கு ஒட்டுமுறையே காரணமென்றும், கொடி சொந்த வேரில் நிற்கவேண்டுமென்றும் வற்புறுத்தினார். வியாதிக்கு மூலம் ஒரு பூஞ்சணமே என்று பிற்கால ஆராய்ச்சி நிரூபித்ததெனினும், அவர் காட்டிய மார்க்கம் வீண்போகவில்லை.

வசந்தத்தில் துளிர்த்த இளந்தண்டை, பெரும்பாலான செடிகளுக்குச் செய்வதுபோலக் கணுவின் அடியிலன்றி, இரு கணுக்களுக்கு இடையே அறுத்து, இணையிலைகளில் ஒன்றைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் கணு மட்டம்வரை ஊன்றி, ஈரம் வற்றாதபடி கண்ணாடியால் மூடிவைத்தால், சில வாரங்களில் வேர் இறங்கும். தன் வேரில் நிற்கும் கொடி, மேற்பாகம் முழுதும் பட்டுப்போனாலும், மண்ணுக்குள்ளிருந்து தன் ஜாதி மாறாமலே மீண்டும் தளிர்க்கும். இம்முறையின் சிரேஷ்டம் இதுவே.