நோவு நீக்கிகளும் மதுவ நோயும்

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், அளவெட்டிக்குச் சில கல் தொலைவிலுள்ள மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் காலத்திலேயே மேனாட்டில் இரு வேறு ஆராய்ச்சி வழிகள் தோன்றலாயின. 1840களில் சுவீடன் நாட்டு வைத்தியர் பேர்க், குழந்தைகளின் வாயிற் படரும் வெண்படலம் ஒருவகைப் பங்கசால் விளைவதெனக் காட்டினார். 1853இல் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் கெராட், பின்னர் அஸ்பிரின் எனப் பெயர்பெற்ற பொருளை முதன்முதல் ஆக்கினார். முன்னது மதுவ நோயின் வரலாறு. பின்னது நோவு நீக்கியின் வரலாறு. இவ்விரண்டும் ஒன்றுகூட நூறாண்டிற்கு மேற் சென்றது.

வெண்படலத்துக்குக் காரணமான கன்டிடா என்னும் மதுவம் நலமுள்ளார் உடலிலும் தங்குவது. நிர்ப்பீடனம் தளர்ந்தவிடத்தே அது பகையாகின்றது. 1981 யூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து அறிவிக்கப்பட்ட முதல் ஐந்து எயிட்ஸ் நோயாளரிடத்தும் இம்மதுவ நோய் காணப்பட்டது. 1950இல் ஹேசன், பிறவுண் என்னும் பெண் அறிஞர் இருவர் வெளிப்படுத்திய நிஸ்டற்றின் மதுவத்தை அழிக்கவல்லது. ஆயினும் தளர்ந்த காவலை அது மீட்டுத் தருவதன்று.

அஸ்பிரின் உடலிற் புரொஸ்ரகிளண்டின் உண்டாவதைத் தடுக்கின்றதென 1971இல் ஜோன் வேன் விளக்கினார்; 1982இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். நோவையும் அழற்சியையும் மிகுவிக்கும் அப்பொருளே நிர்ப்பீடனக் கலங்களை அடக்கவும் வல்லது. இவ்விடத்திலேதான் இரு வழிகளும் கூடின. மீள மீள மதுவ நோயுற்ற பெண்களிடத்தே பெருவிழுங்கிக் கலங்களில் ஒரு குறை உண்டென்றும், புரொஸ்ரகிளண்டின் தடுப்பிகளாற் சோதனைக்குழாயில் அது நீங்கியதென்றும் 1986இல் விற்கின் குழுவினர் அறிவித்தனர். கன்டிடா தானும் புரொஸ்ரகிளண்டினை ஆக்குவதென 2001இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். 2004இல் கிளாஸ்கோ ஆய்வாளர், மதுவம் பற்றிப் படரும் படலத்தை அஸ்பிரின் குறைப்பதாகக் காட்டினர்.

எனினும் சோதனைக்குழாய் வேறு, நோயாளி வேறு. நோவு நீக்கிகள் பங்கசு மருந்துக்கு ஈடாகுமென்பது நிறுவப்படவில்லை. அவை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் ஊறுபடுத்தக்கூடும். காய்ச்சலைத் தணித்து, நிர்ப்பீடனம் குன்றியவருக்கு எச்சரிக்கையாகும் ஒரே குறியையும் சிலவேளை மறைத்துவிடும். நோவு தணிந்தமையால் நோய் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. நோய்முதல் நாடுதலை மருத்துவ அறமாகக் கொண்ட தமிழர்க்கு இவ்வரலாறு வலியுறுத்தும் உண்மை இதுவேயாகும்.