விமான எரிபொருளும் பணியிட உடல்நலமும்

விமான எரிபொருள் எனப் பொதுவாகச் சொல்லப்படுவது, மண்ணெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஹைட்ரோகார்பன் கலவையாகும். பயணிகள் விமானங்களில் ஜெட் ஏ-1 என்றும், அமெரிக்க ராணுவத்தில் ஜேபி-8 என்றும் இது அழைக்கப்படுகிறது. இதில் டொலுவீன், சைலீன், நாப்தலீன் ஆகியவற்றோடு சிறிதளவு பென்சீனும் உண்டு. எரிபொருள் நிரப்புவோர், எஞ்சினைப் பழுதுபார்ப்போர், விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வோர் ஆகியோரின் உடலில் ஆவியாகவும் நுண்துளிகளாகவும் மூச்சு வழியே இது நுழைகிறது. நேரடியாகத் தோல் வழியேயும் ஊடுருவுகிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தோல் வறண்டு வெடித்தல் ஆகியவை உடனடி விளைவுகள். 1970களில் சுவீடன் ஜெட் எஞ்சின் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், நெடுநாள் எரிபொருள் பட்டவர்களிடம் அயர்ச்சி, தூக்கக் கோளாறு, நினைவாற்றல் குறைவு ஆகியவை காணப்பட்டன. விலங்கு ஆய்வுகளோ, இரைச்சலும் எரிபொருளும் சேரும்போது செவித்திறன் பாதிப்பு கூடக்கூடும் எனக் காட்டின.

இந்த ஆபத்தைப் பணியிடக் காற்றின் அளவீட்டைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. அமெரிக்காவின் ஏசிஜிஐஹெச் என்ற பணியிட உடல்நல அமைப்பு 8 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 200 மில்லிகிராம் ஆவி என வரம்பு பரிந்துரைக்கிறது. தோல் வழி ஊடுருவல் பற்றிய எச்சரிக்கை அதனுடன் இருந்தாலும், அந்த எண் அளப்பது காற்றை மட்டுமே. நுண்துளிகள் மிகுந்த இடத்துக்கு அது பொருந்தவும் செய்யாது. 1990களில் அமெரிக்க விமானப்படை ஜேபி-4 எரிபொருளைக் கைவிட்டு ஜேபி-8க்கு மாறியது. புதியது எளிதில் தீப்பற்றாது, பென்சீனும் குறைவு. காற்றளவீட்டில் இது முன்னேற்றமே. ஆனால் மெதுவாக ஆவியாகும் எரிபொருள் தோலிலும் சீருடையிலும் நெடுநேரம் தங்கும். காற்றில் குறைந்த ஆபத்தின் ஒரு பகுதி உடைக்கும் உடலுக்கும் இடம் மாறியது.

காற்றளவீடு மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஆம்பர்லி விமானத் தளம் தக்க சான்று. அங்கிருந்த எஃப்-111 போர் விமானங்களில் உடற்கூட்டின் வெற்றிடங்களே எரிபொருள் தொட்டிகள். கசிவை அடைக்க, 1977 முதல் 2000 வரை பணியாளர்கள் அவற்றுக்குள் ஊர்ந்து சென்று, பழைய அடைப்புப் பூச்சை அகற்றிப் புதியதைப் பூசினர். பின்னர் நடந்த உடல்நல ஆய்வு, மனச்சோர்வு, நினைவாற்றல் குறைபாடு, தோல் நோய் ஆகியவை ஒப்பீட்டுக் குழுக்களைவிட இவர்களிடம் அதிகம் எனக் கண்டது.

அங்கே கரைப்பான்களும் புழங்கியதால் எரிபொருளை மட்டும் குற்றம் சாட்ட முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தொட்டிக்குள் இறங்குபவர் எந்தப் பொருளையும் தனித்தனியே சுவாசிப்பதில்லை. கலவையாகப் படுவதைக் கலவையாகவே மதிப்பிட வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் ஜெட் எரிபொருளை மூன்றாம் பிரிவில் வைத்ததை இன்னொரு மறுப்பாகச் சொல்வர். அப்பிரிவு சான்று போதவில்லை என்கிறதே தவிர, தீங்கில்லை எனச் சான்றளிப்பதில்லை. மேலும், நலிந்தவர்கள் வேலையை விட்டு விலகிவிடுவதால், எஞ்சியவர்களை மட்டும் ஆராயும் கணக்கு பாதிப்பைக் குறைத்தே காட்டும்.

ஆகவே பாதுகாப்பு வேலையின் தன்மையைப் பொறுத்து அமைய வேண்டும். தொட்டிப் பணிக்கு இடைவிடாத காற்றோட்டம், வெளிக்காற்று தரும் முகக்கவசம், எரிபொருள் ஊடுருவாத கையுறை, நனைந்த உடையை உடனே மாற்றும் ஏற்பாடு ஆகியவை தேவை. சிறுநீரில் நாப்தலீனின் சிதைபொருள்களை அளந்தால், மூச்சு வழியும் தோல் வழியும் உடலில் சேர்ந்ததை ஒருங்கே மதிப்பிடலாம். காற்றளவீடு வரம்புக்குள் இருந்தும் சிதைபொருள்களின் அளவு உயர்ந்தால், கையுறையையும் உடையையும் சோதிக்க வேண்டும்.