பிரிஞ்சாங்கும் தேயிலைத் தமிழரும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரின்மேல் அமைந்துள்ளது கேமரன் மலை. தாப்பாவிலிருந்து மலையேறுவோர் முதலில் ரிங்லெட்டையும், அடுத்துத் தானா ராத்தாவையும், அதற்கும் மேலே பிரிஞ்சாங்கையும் காண்பர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள இச்சிற்றூருக்கு விடுமுறை நாள்களில் மக்கள் திரள்திரளாக வருகின்றனர். குளிர், காய்கறிச் சந்தை, செம்புற்றுப்பழத் தோட்டம், பச்சைப் பாய் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவு ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அச்சரிவுகளை உண்டாக்கிய உழைப்பின் வரலாறோ பலர் அறியாத ஒன்று.

இம்மலைக்குப் பெயர் தந்தவர் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர். 1885ஆம் ஆண்டு பேராக், பகாங் எல்லையை அளக்கச் சென்ற அவர், மலைகள் சூழ்ந்த அகன்ற மேட்டு நிலம் ஒன்றைக் கண்டதாகக் குறித்து வைத்தார். ஆயினும் அதன் இருப்பிடத்தைத் தெளிவாக வரைபடத்தில் காட்டாமலே மறுவருடம் மறைந்தார். ஆங்கிலேயர் இதனைக் 'கண்டுபிடிப்பு' என்றனர். செமாய் முதலான பழங்குடியினரோ அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இக்காடுகளில் வாழ்ந்து வந்தனர்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1925இல், கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராய் இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இம்மேட்டு நிலத்தைப் பார்வையிட்டார். வெப்பத்தால் வாடிய வெள்ளை அதிகாரிகளுக்கு ஓய்விடம் தேவைப்பட்டது. உதகமண்டலமும் நுவரெலியாவும் அதற்கு முன்மாதிரிகளாய் இருந்தன. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்திற்கு மலையைக் குடைந்தும் பாறையைப் பிளந்தும் அமைக்கப்பெற்ற சாலை, 1931இல் நிறைவெய்தியது. தானா ராத்தாவிற்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே 1935இல் கோல்ப் திடல் திறக்கப்பட்டது. துரைமார்களின் ஓய்வில்லங்கள் குன்றுதோறும் எழுந்தன.

சாலையோடு தேயிலையும் வந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற ஏ. பி. மில்னேயுடன் இணைந்து போ தோட்டத்தை நிறுவினார். 1933இல் இந்தியாவிலிருந்து வந்த சுப்பர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர்ப் பிரிஞ்சாங்கிற்கு அணித்தாக உள்ள சுங்கை பாலாஸ் பகுதியிலும் போ தேயிலை விரிந்தது.

தோட்டங்களின் முதலாளியர் பெயர்கள் நூல்களில் உள்ளன. காட்டை அழித்தவர், சரிவைத் திருத்தியவர், நாற்று நட்டவர் ஆகியோரின் பெயர்களை அங்குக் காண்டல் அரிது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சேலம், திருச்சிராப்பள்ளி, வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் மலாயாவிற்கு அழைத்து வரப்பெற்ற ஏழை மக்களின் வழியினர். வெப்ப நிலத்தில் பிறந்த அவர்களுக்கு இம்மலைக் குளிரே முதற்பகையாயிற்று. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னர்க் கூடை சுமந்து, வழுக்கும் சரிவில் நின்று கொழுந்து கிள்ள வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து தேவை. கிள்ளிய கொழுந்து அன்றே ஆலையைச் சேர்ந்தாக வேண்டும். அங்கே அது வாடி, உருண்டு, நொதித்து, உலர்ந்து, சலிக்கப்பெற்றுத் தூளாகும். கோப்பையில் நாம் காணும் செந்நிறத்துக்குப் பின்னே இத்தனை கைகளின் பாடு உண்டு.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவிற்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. வந்தவர் வந்த இடத்திலேயே வேரூன்ற நேர்ந்தது. 1941இல் தொடங்கிய ஜப்பானியர் படையெடுப்பும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் மலாயாவின் தோட்ட வாழ்வை உலுக்கின. 1969இல் வேலை உரிம முறை நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் நாடெங்கிலும் வேலையிழந்து தமிழகம் திரும்பினர். பிறந்த மண்ணை விட்டுப் பாட்டன் மண்ணுக்கு அகதியர்போல் சென்றோரும் அவர்களுள் உண்டு.

எஞ்சியோர் தம் வாழ்வை இரண்டு தூண்களின்மேல் நிறுத்தினர். ஒன்று கோயில்; மற்றொன்று பள்ளி. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் தெய்வம் முருகன். கடல் கடந்து வந்த இடத்திலும் தமிழன் அத்திணை மரபை மறக்கவில்லை என்பதற்குப் பிரிஞ்சாங்கிலுள்ள தெண்டாயுதபாணி கோயில் சான்றாகும். தானா ராத்தா, சுங்கை பாலாஸ் தமிழ்ப்பள்ளிகளோ, லயத்தில் பிறந்த குழந்தையும் எழுத்தறிவு பெறும் வழியைத் திறந்தன.

பிரிஞ்சாங்கில் காணத்தக்கவை வேறும் உள. 1972இல் எழுந்த சாம் போ பௌத்தக் கோயில் சீனர் குடியேற்றத்தின் அடையாளம். தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்து செல்லும் ஒடுங்கிய சாலை, 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்தை அடைகிறது. அங்குள்ள பாசிக்காட்டில் மரந்தோறும் பாசி படர்ந்து, மூடுபனியின் ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கிறது. பூச்சிகளைப் பிடித்துண்ணும் கெண்டிச் செடிகளும் அங்கு உண்டு. அக்காடு சேமிக்கும் நீரே கீழ்நோக்கி ஆறாய்ப் பாய்கிறது.

அக்காட்டை வரைமுறையின்றி அழிப்பதன் விளைவையும் இம்மலை கண்டுள்ளது. சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண் ஆறுகளிலும், 1963 முதல் இயங்கும் சுல்தான் அபு பாக்கார் அணைத் தேக்கத்திலும் படிந்தது. 2013 அக்டோபரில், நீர் நிறைந்த அவ்வணை திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கவர்ந்தது. மலை தரும் வளம் அளவோடு நுகரத்தக்கது என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டா.

இன்று சரிவுகள் பலவற்றில் இயந்திரம் கொழுந்து கொய்கிறது. அயல்நாட்டுத் தொழிலாளரும் அங்குப் பணியாற்றுகின்றனர். தமிழ்க் குடும்பங்களின் இளந்தலைமுறையினர் பலர் கல்வி பெற்று நகரம் சேர்ந்துவிட்டனர். இது வரவேற்கத்தக்க உயர்வே. ஆனால் லயங்கள் வெறுமையாகும்போது முதியோரின் நினைவுகளும் அவற்றோடு மறையும். எந்தக் கப்பலில் வந்தனர், எந்தக் காட்டை வெட்டினர், எவ்வளவு கூலி பெற்றனர் என்பனவற்றை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பிரிஞ்சாங்கிற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், சிகரத்தைக் காட்டிய பின்னர்த் தோட்டத்துப் பெரியவர் ஒருவரின் முன்னும் அவர்களை அமரச் செய்வாராக. அச்சிறு குறிப்பேடுகளே நாளை நம் வரலாற்றுக்கு மூலமாகும்.