கிளிச்சீட்டும் பூப்பொட்டலமும்

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. பசறைப் பக்கத்து எங்கள் தோட்ட லயத்தில் போவதா, இருப்பதா என்பதே பேச்சு.

பதுளைக் கடைத்தெருவில் அப்பா கிளி ஜோசியம் பார்த்தார். வந்தது முருகன் படம். "கடல் தாண்டுவீங்க" என்றாராம் ஜோசியர்.

அப்பாயி ஏற்கவில்லை. "கிளிக்கு நெல்லுதான்யா தெரியும். ஆத்தாகிட்ட கேப்போம்."

மாரியம்மன் முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகத் தாளில் மடித்துப் போட்டார்கள். வெள்ளை வந்தால் இருப்பது. எடுத்தது நான், அப்போது ஏழு வயது.

கிளிச்சீட்டுக்குப் பலன் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பூவுக்கு வேண்டாம். அதனால்தான் பெரிய காரியங்களுக்கு எங்கள் சனம் பூவை நம்பியது என்று நினைக்கிறேன்.

வெள்ளை வந்தது. இருந்தோம். 1948 சட்டத்தில் பறிபோன பிரஜாவுரிமை திரும்புவதற்குள் அப்பாயி கண்மூடிவிட்டார்.