வேகமும் கூலியும்: இரு உலகப் போர்களுக்கிடையில் டெற்றோயிற் நகரத் தொழிலாளரின் அன்றாட வாழ்வு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் செல்வந்தரிலிருந்தே தொடங்குவர். ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெற்றோயிற் நகரைப் பொறுத்தவரை இப்போக்கு ஒரு புராணமாகவே வளர்ந்துவிட்டது. ஹென்றி போட் என்னும் தனிமனிதர் கூலியை உயர்த்தினார். வேலை நேரத்தைக் குறைத்தார். தாம் செய்த வாகனத்தைத் தொழிலாளியே வாங்கக்கூடிய நிலையை உண்டாக்கினார் என்பதே அப்புராணத்தின் சாரம். இம்மூன்று கூற்றுகளும் முற்றிலும் பொய்யானவை அல்ல. ஆயினும் அக்கூலிக்குக் கைம்மாறாகத் தொழிலாளி எதைக் கொடுத்தான் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. 1918 இற்கும் 1939 இற்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நகர மக்கள் எவ்வாறு உழைத்தனர், எங்கு குடியிருந்தனர், எதற்காகப் போராடினர் என்பவற்றை நோக்குவதன் வாயிலாக அவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

1. மக்கள் வந்து சேர்ந்த வகை

1910 ஆம் ஆண்டில் டெற்றோயிற்றின் சனத்தொகை 465,766 ஆக இருந்தது. 1920 இல் அது 993,678 ஆகவும் 1930 இல் 1,568,662 ஆகவும் உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேலான இப்பெருக்கம் பிறப்பினால் ஏற்பட்டதன்று. மோட்டார்த் தொழில் மனிதரை ஈர்த்தமையே அதற்குக் காரணமாகும். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் விவசாயக் குடும்பங்கள் வந்தன. டெற்றோயிற்றினால் பெரும்பாலும் சூழப்பட்ட ஹம்ட்ராம்க் என்னும் சிறு நகரம், டொட்ஜ் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த போலந்து மக்களின் ஊராகவே மாறிற்று. டியர்போர்னில் அரபு மொழி பேசும் குடியேறிகள் தங்கினர்.

முதலாம் உலகப் போர் ஐரோப்பியக் குடிவரவைத் தடைசெய்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. அவ்வெற்றிடத்தை நிரப்பியோர் அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்தோராவர். பருத்தி வயல்களின் கடன் தளையையும் இனவெறிக் கொலைகளையும் விட்டுத் தப்பிவந்த கறுப்பின மக்களும், வறுமையினால் பெயர்ந்த மலைநாட்டு வெள்ளையரும் ஒரே புகையிரதங்களில் ஒரே வேலையை நாடி வந்தனர். 1910 இல் 5,741 ஆக இருந்த கறுப்பினச் சனத்தொகை 1930 இல் 120,066 ஆயிற்று. பல மொழிகளும் பல நிறங்களும் ஒரு நகரில் கூடின. ஆனால் அவை ஒன்றாகக் கலக்கவில்லை. இக்கலவாமையினாற் பயனடைந்தோர் யார் என்பதைப் பின்னர் நோக்குவோம்.

2. தொழிற்சாலையின் உள்ளே

1913 ஆம் ஆண்டு ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை அறிமுகமாயிற்று. அதற்கு முன்னர் ஒரு வாகனத்தின் அடிச்சட்டகத்தைப் பொருத்த ஏறத்தாழ பன்னிரண்டரை மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. 1914 இல் அது 93 நிமிடங்களாகச் சுருங்கியது. முன்னர் தொழிலாளி பொருளை நாடிச் சென்றான். இப்பொழுது பொருள் அவனை நாடி வந்தது. எத்தனை விரைவில் வரவேண்டுமென்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவனிடம் இருக்கவில்லை. கைத்திறன் துண்டுகளாக்கப்பட்டது. ஒரே திருகாணியை நாள் முழுவதும் முடுக்கும் இவ்வேலையை மக்கள் வெறுத்து விலகினர். 1913 இல் போட் கம்பனியின் ஆள்மாற்ற வீதம் 370 சதவீதத்தை எட்டியது.

1914 சனவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து டொலர் நாட்கூலியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை 2.34 டொலராக இருந்த அடிப்படைக் கூலிக்கு மேலாகக் கொடுக்கப்பட்ட பங்கு, இலாபப் பங்கீடு என்ற பெயரில் நிபந்தனையோடு வழங்கப்பட்டது. தொடக்கத்தில் பெண் தொழிலாளருக்கு அது வழங்கப்படவில்லை. கம்பனியின் சமூகவியற் பிரிவைச் சேர்ந்த அலுவலர் தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்று, வீடு சுத்தமாக உள்ளதா, பணம் சேமிக்கப்படுகின்றதா, குடிப்பழக்கம் உண்டா, வாடகைக்கு அந்நியர் தங்கவைக்கப்பட்டுள்ளனரா என்றெல்லாம் விசாரித்தனர். கூலி உழைப்புக்கு மட்டுமன்றி ஒழுக்கத்துக்கும் உரிய விலையாயிற்று. இத்தாலியச் சிறையிலிருந்த அந்தோனியோ கிராம்சி 1934 இல் அமெரிக்கமயம், போடிசம் என்பன பற்றி எழுதிய குறிப்புகளில், புதிய உற்பத்தி முறை புதிய வகை மனிதனையும் வேண்டி நிற்கின்றது என்பதை உணர்த்தினார். தொழிலாளியின் தனிவாழ்வு மேற்பார்வையிடப்பட்டதை அவர் தற்செயலாகக் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1921 அளவில் இவ்விசாரணை முறை கைவிடப்பட்டது. ஆயினும் கண்காணிப்பு மறையவில்லை. அதன் உருவமே மாறியது. டியர்போர்னில் எழுந்த றூஜ் தொழிற்சாலை 1928 இல் நிறைவுற்றது. இரும்புத்தாதும் நிலக்கரியும் ஒரு புறம் நுழைந்து முழு வாகனமாக மறுபுறம் வெளியேறும் அப்பெரும் வளாகத்தில், ஹரி பெனற் என்பவரின் கீழ் இயங்கிய 'சேவைப் பிரிவு' உளவும் அடியாட்களும் கொண்ட தனியார் படையாகவே விளங்கியது. வேலை நேரத்தில் பேசுதல் தடைசெய்யப்பட்டது. உதடு அசையாமற் பேசும் ஒரு கலையைத் தொழிலாளர் பயின்றனர். உணவு இடைவேளை பதினைந்து நிமிடங்களே. வயது சென்றோர் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதவராய் வெளியேற்றப்பட்டனர். வேலை தேடுவோர் நரையை மறைக்கத் தலைக்கு மை பூசிக்கொண்டனர் என்பதைச் சமகாலத்தவர் பலர் குறித்துள்ளனர்.

1926 இல் ஐந்து நாள் வேலைவாரம் வந்தது. ஓய்வு பெற்ற தொழிலாளி நுகர்வோனாக மாறுவான் என்ற கணக்கை போட் மறைக்கவில்லை. ஆறு நாள் வேலை ஐந்து நாளுள் அடைக்கப்பட்டது என்பதே தொழிலாளரின் முறைப்பாடாக இருந்தது.

3. வீடும் தெருவும்

வேகமாக வளர்ந்த நகரில் வீடுகள் போதவில்லை. குடியேறிகளின் இல்லங்களில் தனியாட்கள் வாடகைக்குத் தங்கினர். இரவுமுறை வேலையாள் எழுந்து செல்லப் பகல்முறை வேலையாள் அதே படுக்கையிற் சாய்ந்தான். அவர்களுக்குச் சமைத்து, எண்ணெய்க்கறை படிந்த உடைகளைத் துவைத்து, வாடகையைக் கணக்கிட்டு வாங்கிய பெண்ணின் உழைப்பு எந்தக் கூலிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆயினும் அவ்வுழைப்பு இன்றேல் மறுநாட் காலை பொருத்துவரிசை நகர்ந்திராது.

தொழிலாளர் வேலைக்குச் சென்ற டிராம் வண்டிச் சேவையை 1922 இல் நகரசபை பொறுப்பேற்றது. காரும் மெல்ல மெல்லத் தொழிலாளர் வீட்டை அடைந்தது. 'மொடல் ரீ' வாகனத்தின் மிகமலிவான வகை 1925 இல் 260 டொலருக்கு விற்கப்பட்டது. ஜெனரல் மோட்டர்ஸ் 1919 இல் தொடங்கிய தவணைக்கடன் நிறுவனம், நாளைய கூலியை இன்றே செலவிடும் வழக்கத்தைப் பரப்பியது. மதுவிலக்குக் காலத்தில் ஆற்றின் மறுகரையிலுள்ள கனடாவின் வின்சரிலிருந்து படகுகளிலும், மாரியில் உறைந்த பனியின் மீதும் மதுபானம் கடத்தப்பட்டது. ஒழுக்கச் சட்டம் ஏட்டில் இருந்தது. கள்ளச் சாராயக்கடை தெருமுனையில் இருந்தது.

இவ்வாழ்வின் அடியில் ஓர் அச்சம் என்றும் இருந்தது. நாட்கூலி உயர்வாக இருந்தபோதும் ஆண்டு முழுவதும் வேலை கிட்டவில்லை. புதிய மாதிரிகளுக்கு இயந்திரங்களை மாற்றும் வாரங்களில் தொழிலாளர் கூலியின்றி வீட்டிலிருந்தனர். 1927 மே மாதத்தில் பதினைந்து மில்லியனாவது 'மொடல் ரீ' வெளிவந்ததை ஊரே கொண்டாடியது. அதனை அடுத்து அவ்வாகனத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 'மொடல் ஏ' டிசம்பரில் விற்பனைக்கு வரும்வரை பல்லாயிரம் குடும்பங்கள் நகரின் நிவாரணத்தையும் மளிகைக்கடைக் கடனையும் நம்பியிருந்தன. நாட்கூலியைக் கொண்டு ஆண்டு வாழ்வை அளத்தல் எத்துணைத் தவறானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. நிறக்கோடு

போட் கம்பனி ஏனைய கம்பனிகளைவிடக் கூடுதலான கறுப்பினத்தவரை வேலைக்கமர்த்தியது உண்மை. கறுப்பினத் திருச்சபைப் போதகரின் சிபாரிசுக் கடிதம் அதற்குரிய வாயிலாயிற்று. அவ்வாறு நுழைந்தோரிற் பெரும்பாலார் றூஜ் வார்ப்புச்சாலையின் வெப்பத்துக்கும் புகைக்குமே அனுப்பப்பட்டனர். வேலை ஓர் உரிமையாக அன்றிச் சலுகையாக வந்தமையால், தொழிற்சங்கத்தை ஆதரிப்பது நன்றி மறத்தலாகக் கருதப்பட்டது.

குடியிருப்பில் நிறக்கோடு இன்னும் கடுமையாக இருந்தது. 'பிளாக் பொட்டம்' எனப்பட்ட கிழக்குப் பகுதியில் பழைய மரவீடுகளுக்கு மிகையான வாடகை கொடுத்து மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1925 செப்டெம்பரில் ஒஸியன் சுவீற் என்னும் கறுப்பின வைத்தியர் வெள்ளையர் வாழ்ந்த தெருவொன்றில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது பெருங்கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. வீட்டினுள்ளிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் வெள்ளையர் ஒருவர் இறக்க, வீட்டிலிருந்த பதினொருவர் மீதும் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. கிளாறன்ஸ் டறோ அவர்களுக்காக வாதாடினார். முதல் வழக்கில் யூரர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1926 மே மாதத்தில் வைத்தியரின் தம்பி விடுதலை செய்யப்பட்டார். தன் வீட்டைக் காக்கும் உரிமை கறுப்பினத்தவனுக்கும் உண்டு என்பது ஒரு நீதிமன்றில் நிலைநாட்டப்பட்டது. ஆனால் வீட்டுச் சந்தை மாறவில்லை.

5. பசியின் ஆண்டுகள்

1929 இல் ஏறத்தாழ 128,000 பேரைக் கொண்டிருந்த போட் கம்பனி 1931 ஆகஸ்டில் 37,000 பேரையே வைத்திருந்தது. சுவீற் வழக்கை விசாரித்த நீதிபதி பிராங் மேர்பி 1930 இல் நகரபிதாவானார். வேலையற்றோருக்கு உணவும், தங்குமிடமும், பயிரிட வெற்றுநிலமும் கொடுக்க அவர் முயன்றார். ஆனால் நகரின் கருவூலம் வரண்டது. றூஜ் தொழிற்சாலை டியர்போர்ன் எல்லைக்குள்ளும் பழைய தொழிற்சாலை ஹைலன்ட் பார்க் எல்லைக்குள்ளும் இருந்தமையால், அவற்றின் சொத்துவரி டெற்றோயிற்றுக்குக் கிட்டவில்லை. இலாபம் ஓர் எல்லைக்குள் தங்கியது; பசி மற்றோர் எல்லைக்குள் தங்கியது.

1932 மார்ச் 7 ஆம் திகதி கடுங்குளிரில் சில ஆயிரம் பேர் வேலையும் நிவாரணமும் கோரி றூஜ் நோக்கி நடந்தனர். டியர்போர்ன் எல்லையில் கண்ணீர்ப்புகையும், தொழிற்சாலை வாயிலில் குளிர்நீர்ப் பீச்சலும், பின்னர் துப்பாக்கிச் சூடும் அவர்களை எதிர்கொண்டன. நால்வர் கொல்லப்பட்டனர். அவர்களின் இறுதி ஊர்வலத்திற் பல்லாயிரவர் திரண்டனர். காயமுற்ற கேட்டிஸ் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி பின்னர் இறந்தார். அவரது உடலை ஏனைய நால்வரும் கிடந்த மயானத்திற் புதைக்க அனுமதி மறுக்கப்பட்டது. ஒரே குண்டுகளுக்கு இரையானோரையும் நிறக்கோடு பிரித்தது.

இங்கு எமது மக்களோடு இவ்வரலாற்றுக்குள்ள தொடர்பொன்றையும் சுட்டுதல் பொருந்தும். அந்நகரில் உருவான வாகனங்களின் டயர்களுக்கு வேண்டிய இறப்பரின் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகியவற்றின் தோட்டங்களிலிருந்து சென்றது. மலாயாவிலும் இலங்கையிலும் அதற்காகப் பால்வெட்டியோரிற் பெருந்தொகையினர் தமிழர். 1922 முதல் 1928 வரை நடைமுறையிலிருந்த ஸ்ரீவன்சன் திட்டம் மலாயாவினதும் இலங்கையினதும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அதிலிருந்து விடுபடவே போட் பிரேசில் நாட்டுக் காட்டில் 'போட்லாண்டியா' என்னும் தோட்டத்தை அமைக்க முற்பட்டார். டெற்றோயிற்றில் வரிசை நின்றபோது தோட்டத்திலும் கத்தி நின்றது. மலாயாவின் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில் டெற்றோயிற்றின் மெக்சிக்கத் தொழிலாளரும் புகையிரதமேற்றப்பட்டுத் தம் நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். வேண்டியபோது அழைத்து வேண்டாதபோது அனுப்பும் முறை இரு கண்டங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

6. வரிசையை நிறுத்திய கைகள்

1935 இல் வாக்னர் சட்டம் கூட்டுப்பேரம் பேசும் உரிமையை ஏற்றது. அதே ஆண்டில் ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை அண்மையிலுள்ள பிளின்ற் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் தொழிற்சாலையை விட்டு வெளியேறாது உள்ளிருந்து வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது மாநில ஆளுநராயிருந்த மேர்பி படையை ஏவி அவர்களை வெளியேற்ற மறுத்தார். அவ்வெற்றியின் அலை டெற்றோயிற்றை அடைந்தது. சுருட்டுத் தொழிற்சாலைகளில் போலந்துப் பெண்களும், வூல்வேர்த் சில்லறைக் கடையில் நூற்றுக்கு மேற்பட்ட இளம்பெண்களும் உள்ளிருந்தனர். கடைப்பெண்கள் ஒரு வாரத்துள் தம் கோரிக்கைகளை வென்றனர். வீட்டிலும் கடையிலும் கணக்கில் வராதிருந்த பெண்ணுழைப்பு அன்று தன்னைக் கணக்கில் எடுக்கச் செய்தது.

போட் மட்டும் இறுதிவரை எதிர்த்தார். 1937 மே 26 இல் றூஜ் வாயிலருகேயுள்ள மேம்பாலத்தில் துண்டுப்பிரசுரம் வழங்க வந்த வால்ரர் றூதரும் தோழர்களும் பெனற்றின் ஆட்களால் தாக்கப்பட்டனர். 1941 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னரே போட் பணிந்தார். வெள்ளைத் தொழிலாளரின் சங்கத்தை ஐயுற்றிருந்த கறுப்பினத் தொழிலாளரிற் கணிசமானோர் அதன் பக்கம் சேர்ந்தமை அவ்வெற்றிக்கு இன்றியமையாததாயிற்று.

எனினும் இதனை முற்றுப்பெற்ற வெற்றியாக எழுதிவிடலாகாது. 1943 யூனில், மூன்று கறுப்பினத்தவருக்குப் பதவியுயர்வு கொடுத்தமைக்கு எதிராக பக்கார்ட் தொழிற்சாலையில் ஏறத்தாழ 25,000 வெள்ளைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே மாதத்தில் நகரில் மூண்ட இனக்கலவரத்தில் 34 பேர் இறந்தனர். அவர்களுள் 25 பேர் கறுப்பினத்தவர். தொழிற்சாலை வாயிலில் ஒன்றுபட்டோர் வீட்டு வாயிலில் பிரிந்தனர்.

1932 இலும் 1933 இலும் டெற்றோயிற் கலைக்கூடத்தின் சுவர்களில் டியேகோ றிவேரா தீட்டிய ஓவியங்களில், இயந்திரங்களுக்கிடையே பல நிறத் தொழிலாளர் ஒரே அசைவில் வளைந்து உழைப்பதைக் காண்கின்றோம். அவ்வோவியங்களுக்குப் பணம் கொடுத்தவர் ஹென்றி போட்டின் மகன் எட்சல். ஓவியத்தில் உள்ள ஒருமைப்பாட்டை வரிசையின் வேகம் மட்டுமே உண்டாக்கியது. வாழ்வில் அதனை மக்கள் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. அவர்கள் அதில் வென்றதும் உண்டு, தவறியதும் உண்டு. ஐந்து டொலரை வழங்கியவரின் பெயரை நூல்கள் மறப்பதில்லை. வேகத்தைத் தாங்கிய உடல்களையும், அதனை ஒருநாள் நிறுத்திய கைகளையும் சேர்த்து எழுதும்போதே அக்கூலியின் உண்மையான அளவு எமக்குப் புலனாகும்.