ஊரே அமர்ந்து கேட்ட வரலாறு



வரலாறு என்றாலே அரசர்களும் போர்களும் ஆண்டுகளும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். தேர்வு முடிந்ததும் அதை மறந்தும் விடுகின்றனர். ஆனால், தம் ஊரின் வரலாற்றை மக்கள் பள்ளிவாசலில் கூடியமர்ந்து செவிமடுத்த காலம் ஒன்றிருந்தது. அந்த வரலாற்றை எழுதியவர் இமாம் இப்னு அஸாகிர் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1105) டமாஸ்கஸில் பிறந்த இமாமவர்கள், ஹதீஸ் கல்வியைத் தேடி பக்தாத், ஹிஜாஸ், குராஸான் என நெடும்பயணம் மேற்கொண்டார்கள். ஏறத்தாழ 1300 ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார்கள். அவர்களன்றி, எண்பதுக்கும் மேற்பட்ட பெண்மணிகளும் அவர்களுக்கு ஆசிரியைகளாக இருந்தனர்.

ஊர் திரும்பியதும் டமாஸ்கஸ் நகரின் வரலாற்றை எழுதலானார்கள். அங்கே பிறந்தோர், குடியேறியோர், வந்து சென்றோர் என ஆயிரக்கணக்கானோரின் வாழ்வை, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடருடன் பதிவு செய்தார்கள். பெண்களின் வரலாற்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. இன்றைய அச்சில் அந்நூல் 80 பாகங்களாக விரிகிறது.

அது அமைதியான காலமன்று. கி.பி. 1148இல் சிலுவைப் படைகள் டமாஸ்கஸை முற்றுகையிட்டன. பெரும் பணியில் இமாமவர்கள் சோர்வுற்றபோது, சுல்தான் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) ஊக்கமளித்தார்கள்; ஹதீஸ் கற்பிப்பதற்கென ஒரு கல்விக்கூடத்தையும் எழுப்பித் தந்தார்கள். கி.பி. 1176இல் இமாமவர்கள் மறைந்தபோது, ஜனாஸாவில் சுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்களே பங்கேற்றார்கள்.

நூல் அலமாரியில் முடங்கவில்லை. இமாமவர்களின் மைந்தர் காஸிம் (ரஹ்) போன்றோர் முன்னிலையில் அது பகுதி பகுதியாக உரக்க வாசிக்கப்பட்டது. உலமாக்கள் மட்டுமல்லர், வணிகர்களும் கைவினைஞர்களும் சிறுவர்களும் அமர்ந்து கேட்டனர். கேட்டோரின் பெயர்கள் கையெழுத்துப் பிரதிகளிலேயே குறிக்கப்பட்டன. முன்னோரின் வரலாற்றைக் கேட்க வந்த எளிய மனிதரும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்!

சகோதரர்களே! நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிவாசலின் ஹவ்ளுக்கு இடம் கொடுத்தவர் யார், முதல் மக்தப்பில் ஓதிக் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டுமென நான் எண்ணிக்கொண்டேயிருந்தேன். அந்த ஒருநாள் வருவதற்குள் அவருடைய ஜனாஸாவைத் தொழவைக்கும்படி ஆயிற்று. அவரோடு ஒரு நூலகத்தையே மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். இன்றும் அது என் உள்ளத்தை உறுத்துகிறது.

ஆகவே, மாதத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பின் முதியவர்களைப் பேசச் செய்வோம். வீட்டிலுள்ள மூதாட்டியரிடமும் கேட்போம். பிள்ளைகளை அருகில் அமர்த்தி எழுதச் சொல்வோம். சொன்னவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் சேர்த்தே குறித்து வைப்போம்.

நம் முன்னோரின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவற்றை நம் சந்ததியிடம் சேர்க்கும் பாக்கியத்தை நமக்கும் வழங்குவானாக! ஆமீன்.