லோவெல்லின் குறிப்பேடு யாருக்குச் சொந்தம்?

2011 நவம்பரில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு குறிப்பேடு 3,88,375 டாலருக்கு விலைபோனது. அப்பல்லோ 13 பயணத்தில் நிலவில் இறங்கும் கலத்தை இயக்கத் தொடங்குவதற்கான செயல்முறைகள் அடங்கிய ஏடு அது. விற்றவர் அப்பயணத்தின் தலைவர் ஜிம் லோவெல். விரைவிலேயே நாசா கேள்வி எழுப்பியது: அரசுப் பணத்தில் உருவாகி, அரசு விண்கலத்தில் சென்ற பொருளை விற்க இவருக்கு உரிமை உண்டா?

விண்பயணப் பொருள்களைச் சேகரிப்போர் அவற்றை முதலில் இரண்டாகப் பிரிப்பர்: விண்ணுக்குச் சென்றவை, செல்லாதவை. ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த இரு பாகங்களைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. விண்ணுக்குச் சென்றது எது என்பதற்கான சான்று, பெரும்பாலும் பொருளுக்கு வெளியே இருந்துதான் வரவேண்டும். எனவே வீரரின் கையெழுத்தைத் தேடுகிறார்கள். ஆனால் வெறும் பெயர் போதாது. நாசாவில் ஒளிப்படங்களில் வீரர்களின் பெயரைப் பொறிக்க இயந்திரங்களே பயன்பட்டதுண்டு. தம் கையெழுத்து வணிகப் பொருளாகிவிட்டதையும் போலிகள் பெருகியதையும் கண்ட நீல் ஆம்ஸ்ட்ராங், 1994க்குப் பின் கையெழுத்திடுவதையே நிறுத்திக்கொண்டார். ‘இது என்னுடன் நிலவுக்கு வந்தது’ என்னும் பொருள்பட வீரர் தம் கைப்பட எழுதி ஒப்பமிட்ட வாக்கியத்துக்கே மதிப்பு மிகுதி. மொழியியல் பயின்ற எனக்கு இவ்விடம் சுவையானது: பெயர் மட்டும் இருந்தால் அது நினைவுப்பொருள், வாக்கியம் சேர்ந்தால் அது சாட்சியம்.

லோவெல்லின் ஏட்டில் இருப்பது அதனினும் அரிய எழுத்து. 1970 ஏப்ரல் 13 அன்று ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின் கட்டளைக்கலத்தின் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தது. வீரர்கள் நிலவுக்கலத்துக்குள் அடைக்கலம் புகவேண்டும். அதற்குமுன், கலம் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதைக் காட்டும் கோண அளவுகளை அங்கிருந்து இங்கு மாற்றியாகவேண்டும். லோவெல் அந்த ஏட்டிலேயே கணக்குப் போட்டார். வெறும் கூட்டல் கழித்தல்தான். ஆயினும் தம்மை நம்பாமல், சரிபார்க்கும்படி ஹூஸ்டனைக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று, கழற்றிவிடப்பட்ட நிலவுக்கலம் வளிமண்டலத்தில் எரிந்தழிந்தது. ஏட்டை அவர் உடன் எடுத்துவராதிருந்தால் அதுவும் சாம்பலாகியிருக்கும்.

வீரர்கள் தரப்பு வாதமும் இதுவே. எரியவோ நிலவில் கைவிடப்படவோ இருந்த பொருள்களை நாசா அதிகாரிகள் அறியவே எடுத்துவந்தோம் என்றனர். அதற்கான எழுத்துச் சான்றுதான் போதவில்லை. சாட்சிய வாக்கியம் ஒரு பொருள் எங்கே சென்றது என்று சொல்லும். யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. அதே 2011இல், அப்பல்லோ 14 வீரர் எட்கர் மிட்செல் தம்மிடமிருந்த படப்பிடிப்புக் கருவியை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது அரசு அவர்மீது வழக்கே தொடுத்தது. அது நாசா தமக்குத் தந்த பரிசு என்று வாதிட்டவர், இறுதியில் அதை விட்டுக்கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டிய ஒருவரை அவ்வளவு தூரம் இழுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

2012 ஜனவரியில் நாசாவின் தலைவரும் முன்னாள் விண்வெளி வீரருமான சார்ல்ஸ் போல்டன், லோவெல் உள்ளிட்டோரைச் சந்தித்துப் பேசினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் வழக்கை முடித்துவைத்தது. மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ கால வீரர்கள் வைத்திருக்கும் பயணப் பொருள்கள் அவர்களுக்கே உரியன. நிலவின் கல்லும் மண்ணும் மட்டும் விலக்கு.

அதற்கு முந்தைய மாதம் ஆம்ஸ்ட்ராங் இறந்திருந்தார். அவர் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிப்பை கிடைத்தது. அவர் நிலவில் முதல் அடி வைத்ததைப் படம்பிடித்த 16 மி.மீ. கருவி அதற்குள் இருந்தது. அதனை அடையாளம் காண உதவியவற்றுள் ஒன்று 1969இன் பயண உரையாடல் பதிவு: சில உதிரிகளைத் திரும்பக் கொண்டுபோகிறோம், வெறும் குப்பைதான் என்ற பொருளில் ஆம்ஸ்ட்ராங் அதில் காலின்ஸிடம் சொல்கிறார்.